ஓரதர்

மாவுச் சாக்கில் சுற்றி வந்தது சிலிண்டர் தலை.
தெரேசா ட்சவுக், லாங்கன்தாலில் ரொட்டி சுடுபவள்,
ஞாயிறுகளில் மலையேற்றப் பந்தயம் ஓடுகிறவள்.
"பத்தில் நாலு நொடி" என்றாள்,
கடன் தொகையைச் சொல்வதுபோல.
"எங்கேயோ மூச்சு முட்டுது. பார்."

எட்டு வால்வுகளையும் மேசையில் படுக்க வைத்தேன்.
காற்று வால்வுகள் நாலும் கரி மொத்தித்துக் கிடந்தன.
புகை வால்வுகள் வெந்த செங்கல் நிறம்.
சாக்கிலிருந்து உதிர்ந்த மாவு
எல்லாவற்றின் மேலும் கொஞ்சம்.

உட்சுவரைக் கண்ணாடியாய் மினுக்கு என்பார்கள்.
காற்று கண்ணாடி பார்ப்பதில்லை.
அதற்கு ஆகாதது சட்டென்ற திருப்பம்.
கூர்விளிம்பில் சுவரை விட்டு விலகி
தனக்குள்ளே சுழன்று
நேரத்தைத் தின்றுகொண்டு நிற்கும்.
ஆகவே மூன்று கோணம்:
தொண்டைப் பக்கம் அறுபது பாகை, உதட்டில் முப்பது,
இடையே நாற்பத்தைந்தில்
ஒரு மில்லிமீட்டரும் சொச்சமும்.
வால்வு வந்து உட்கார அவ்வளவு போதும்.

எங்கள் பாடப்புத்தகத்தில் வால்வுக்கு ஓரதர் என்று பேர்.
ஓர் அதர். ஒரே வழி.
அதர் என்றால் பழைய தமிழில் பாதை என்று
எஷ்லிமனுக்கு ஒருநாள் சொன்னேன்.
"எஞ்சின் வருமுன்பே சொல் இருந்ததா?"
பாதை இருந்தது, என்றேன்.

எஷ்லிமன் இப்போது ஏரியில், மீனுக்குக் காத்திருக்கிறார்,
பெரிய மெஷினின் சாவி அவர் சட்டைப்பையில்.
எனவே கைவெட்டு.
வழிகாட்டிக்குள் பைலட் கம்பி,
அதன்மேல் கார்பைட் கத்தி,
கைப்பிடியில் என் தோள்.
அழுத்தினால் கத்தி அதிர்ந்து அலை அலையாய் வடு வைக்கும்.
தன் எடையில் விட்டால்
வார்ப்பிரும்பு சாம்பல் பொடியாய்ச் சுருண்டு விழும்.

மூன்றாவது புகை வால்வின் இருக்கையில்
எள்ளளவு குழி.
அரைச்சுற்று வெட்டினேன். இருந்தது.
இன்னும் அரைச்சுற்று.
எள் கருத்து, தெளிவாகி,
என்னைப் பார்த்தது.
இனி வெட்டினால் வால்வு கிணற்றுக்குள் இறங்கும்,
காற்று விளிம்பேறிக் குதிக்க வேண்டிவரும்.

விடிகாலை மூன்றரை.
அந்த நேரத்தில் விழித்திருக்கும் ஒரே வாடிக்கையாளரை அழைத்தேன்.
பின்னால் மாவு பிசையும் மெஷினின் சத்தம்.
"எவ்வளவு பெரிசு?"
எள்ளு.
"எள்ளு என் ரொட்டியிலும் இருக்கு."
இது நெருப்பு போகிற இடம். கசிந்தால் வால்வு கருகும்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை. அடுப்புக் கதவு சாத்தப்பட்டது.
"கருகாமல் பார். வேகம் பிறகு."

அந்த ஒன்றை அகலமாய் விட்டேன், இரண்டு மில்லிமீட்டர்.
சூடு இறங்க இடம் கிடைக்கும்;
காற்றுக்குத்தான் நட்டம்.

பிறகு அரைப்புப் பசை. குச்சியின் ரப்பர் வாய்
வால்வின் நெற்றியைக் கவ்வ,
இரு உள்ளங்கைக்குள் மத்துப்போல் உருட்டினேன்.
முதலில் மணலைக் கடிக்கிற சத்தம்.
நறநறப்பு மெல்ல மெல்ல நனைந்து
பட்டுச்சேலை நடப்பதுபோல் ஆனதும் நிறுத்தினேன்.
பிரஷ்ய நீலம் தடவி ஒருமுறை பதித்தேன்.
எள்ளை ஒட்டி, அதற்கு வெளியே போய்,
தன்னையே வந்து தொட்டது வளையம்.
புகைவழியில் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு
தேத்தண்ணி போட்டேன், குடித்தேன், கோப்பையைக் கழுவினேன்.
ஒரு சொட்டும் இறங்கவில்லை.

காற்று மேடையில் ஏழு வாய்களும்
குழாயின் சிவப்பு நீரை ஒரே கோட்டுக்கு உறிஞ்சின.
எட்டாவது
ஒரு நகத்தடிப்புக் கீழே நின்றது.
வேலைத் தாளில் அதையும் எழுதினேன்,
கீழே தர்மினி என்று ஒப்பமிட்டேன்.

திங்கட்கிழமை கடைவாசலில் அதே சாக்கு.
உள்ளே சூடாறாத ரொட்டி, மேலே எள்.
ரசீதின் பின்பக்கத்தில் பென்சிலால்:
பத்தில் ஒன்று.
முன்னாலா பின்னாலா என்று எழுதவில்லை.
எஷ்லிமன் ஒரு துண்டைப் பிய்த்துக்கொண்டு கேட்டார்,
"யார் என் தேத்தண்ணியை முடித்தது?"