மத்ரா துறைமுகத்தில் கள ஆய்வு

கப்பலிலிருந்து இறங்குகிறவர்களை
எண்ணிவரச் சொன்னார் பேராசிரியை பத்ரியா.
ஓரிரவு தங்கினால்தான் சுற்றுலாப் பயணி;
மாலையே திரும்பினால் பகல் வருகையாளர்.
மூன்றாம் பருவம், இரண்டாம் அலகு.

நாற்பத்தொன்றாவது படிவம்
தூத்துக்குடித் தமிழ் பேசியது.
கப்பலின் சலவை அறையில் வேலை.
கரையில் நிற்க நான்கு மணி நேரம்.
வருகையின் நோக்கம்?
"சிக்னல் கெடைக்கிற நெழலு எங்கம்மா இருக்கு?"

போர்த்துக்கீசியர் கோட்டை எழுப்பிய ஆண்டு தெரியும்,
குந்திரிக்கம் போன வழியை
கண்ணை மூடிக்கொண்டு வரைவேன்.
நிழல்தான் தெரியவில்லை,
இத்தனைக்கும் இங்கேயே பிறந்தவள்.

மீன் சந்தைக்குப் பின்னால்
ஒரு சுவரளவு கிடைத்தது.
திரையில் அவர் மகள்:
"பக்கத்துல யாருப்பா?"

"இந்த ஊருப் புள்ள" என்றார்.

என் விசா
ஜூன் வரை.