திங்கள், வியாழன்

பெயரை எடுத்துவிட்டுத்தான் கொடுத்தார்கள்.
பதினோரு இலக்கம், பெண், நாற்பத்தேழு,
பந்தலூர் வட்டம், டயாலிசிஸ்,
திங்கள், வியாழன், திங்கள், வியாழன்.
லட்சத்துச் சொச்சம் வரிசைகளில்
இவள் மட்டும் ஏன் கண்ணில் விழுந்தாள் என்றால்
ஆடி மாதம் முழுக்க இல்லை.
ஆவணியில் மூன்றே நாள்.
புரட்டாசியில், ஒன்றுமே நடக்காதது போல,
திங்கள், வியாழன்.

சிறுநீரகம் அப்படியெல்லாம் விடுப்பு கொடுக்காது.

ஊட்டி அறையில் ஹீட்டரைக் காலடியில் வைத்துக்கொண்டு
மூன்று இரவு யோசித்தேன்.
நாடுகாணியில் மண் சரிந்திருக்கலாம்.
எதையாவது அடகு வைத்துத்
தனியாரிடம் போயிருக்கலாம்.
இறந்துவிட்டாள் என்று எழுத வழியில்லை,
புரட்டாசியில் இருக்கிறாளே.
விதி எளிது: முப்பது நாள் இடைவெளி விழுந்தால்
ஆய்விலிருந்து நீக்கு.
நீக்கினால் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் போவார்கள்,
வரைபடம் வழவழவென்று வரும்.

நடுவட்டம் இறக்கத்தில் இரண்டு முறை வாந்தியெடுத்துக்
கூடலூர் போய்ச் சேர்ந்தேன்.

காப்பீட்டு மேசையில் நஸ்ரின்.
ரேகை வாங்கும் கருவி, பக்கத்தில்
ஒரு மூடியில் தேங்காயெண்ணெய், ஈரத்துணி.
"கொழுந்து பறிக்கிற கை மேடம்.
மழைக்காலத்துல ஊறி வெளுத்துப்போயிடும்.
மெஷின் ஆளைத் தெரியலைங்கும்.
தெரியலைன்னா க்ளெய்ம் இல்ல.
அதுக்காக வந்தவங்களைத் திருப்பி அனுப்ப முடியுமா?
ஓட்டிடுவோம்."
இழுப்பறையைத் திறந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்தாள்.
காணாமல்போன ஆடி, நீல மையில்,
ஒரு நாள் விடாமல் இருந்தது.

பெயர்ப் பத்தியை ஸ்கேலால் மறைக்கச் சொன்னேன்.
"இவங்க எல்லார் பேரும் எனக்குத் தெரியுமே மேடம்."
"எனக்குத் தெரியக் கூடாது."
ஆளைத் தேட மாட்டேன் என்று
முத்திரைத்தாளில் கையெழுத்திட்டவள் நான்.
அவள் தோளைக் குலுக்கிவிட்டு ஸ்கேலை வைத்தாள்.

மூல நோய் என்ற கட்டத்தைப் பற்றியும் கேட்டேன்.
எல்லோருக்கும் எப்படி ரத்தக் கொதிப்பு?
"லிஸ்ட்ல அதுதான் மொதல்ல வரும்.
வாசல் வரைக்கும் கியூ நிக்கும்போது
விரல் மொதல்ல இருக்கிறதைத்தான் தொடும்."
என் மூன்றாம் அட்டவணை
அந்த இடத்தில் செத்தது.

சாயங்காலம் பந்தலூர் பஸ்.
அன்று திங்கட்கிழமை.
பக்கத்து இருக்கையில் ஒரு பெண்மணி,
முழங்கை மடிப்பில் பஞ்சு, பிளாஸ்திரி.
நாற்பத்தேழு இருக்கலாம், ஐம்பதும் இருக்கலாம்.
ஒரு கேள்வி போதும். கேட்கவில்லை.
அவர்தான் கேட்டார்:
"என்ன வேலை பாக்குறீங்க?"
"கணக்கு."
"எந்த எஸ்டேட்டு?"
சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
"எங்க கணக்கப்பிள்ளை, கொழுந்து ஈரம்னு
தெனம் ரெண்டு கிலோ கழிப்பாரு.
வெயில் காயிற நாளுலயும் கழிப்பாரு.
நீங்களும் கழிப்பீங்களா?"

கண்ணாடி மூடாத ஜன்னலில் சாரல்.
இருநூற்றுப் பன்னிரண்டு என்பது
நாக்கு நுனிவரை வந்தது.

தேவாலாவில் இறங்கினார்,
அந்தக் கை கம்பியில் படாமல் மடக்கிக்கொண்டு,
மறு கையில் குடையும் மாத்திரைப் பையும்.
டிரைவர் அவர் நகரும்வரை நிறுத்தி வைத்திருந்தார்.
அவருக்குத் தெரிந்திருக்கிறது.

யாரையும் நீக்காமல் கட்டுரையை முடித்தேன்.
வரைபடம் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது.
வரம்புகள் என்ற கடைசிப் பத்தியில் ஒரு வரி:
கருவி அறியாத நாட்களிலும்
நோயாளிகள் வந்திருந்தார்கள்.
மதிப்பீட்டாளர் சிவப்பில் அடிக்கோடிட்டு
ஓரத்தில் கேட்டிருக்கிறார்:
ஆதாரம்?

இன்று வியாழன்.
கூடலூர்ப் பக்கம் காலையிலிருந்து மழையாம்.