காலிப் பட்டியல்

ஔலுவில் மூன்று மணிக்கே இருட்டு.
ராய்லி உள்ளிருந்து வெளியே
அடைப்புக்குறிகளை மூடிக்கொண்டு வருகிறாள்.

துளை துளையாய் அளந்த பனியின் தடிமன்
ஒரு பட்டியல்.
எல்லாமே நாற்பது சென்டிமீட்டரைத் தாண்டினால்
லாரி கடல்மேல் போகலாம்.

நாற்பத்தொரு சோதனை,
நாற்பத்தொரு பச்சைப் புள்ளி.
கோட்டை எடுத்தவள்
ஒரு கை நுழைத்ததும் நின்றாள்.
பட்டியலில் ஒன்றுமே இல்லாவிட்டால்?

நின்றபடியே தட்டினாள்.

லிஸ்ப் பொய் சொல்லவில்லை.
மெலிந்த துளை என்று
ஒன்றைக் காட்டு பார்க்கலாம்,
இல்லையே;
அப்படியானால் எல்லாமே தடிமன்தான்,
போகலாம்.

திரையில் ஒரு சிவப்பு.

துளையிடும் வெய்யோ
மூன்று நாளாய்க் காய்ச்சலில் கிடக்கிறான்.
காலை ஆறுக்குத் தீவுக்குப் பால்வண்டி.

ராய்லி உட்கார்ந்தாள்,
மற்றக் கை தரையில் இழுபட.