துக்கம் விசாரிக்கப் போனது

தொப்பூர் கணவாய், இரண்டாவது வளைவு.
இரும்புச் சுருள் ஏற்றிய வண்டி.
ஸ்டேஷனில் கொடுத்தார்கள்:
ஒற்றைச் செருப்பு, டிபன் பாக்ஸ்,
முன்கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலை.
"பாரும்மா, ஒரு மணிகூட அறுபடலை"
என்றார் ஏட்டு, அதிசயம்போல.
ஐம்பத்து மூன்று மணியும் சிதறியிருக்கலாம்.
சிங்கராயன் முழுசாய் வந்திருக்கலாம்.

அது தை மாதம்.
எலத்தகிரியே வந்து என் வாசலில் நின்றது.
விதி என்றார் லாரி ஓனர்.
ஆண்டவர் சித்தம் என்றார் மாமா.
பிரேக் பிடிக்கவில்லை என்றது பேப்பர்.
பிடித்தவர்களைச் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்வார்
என்றாள் பாக்கியமேரி.
அப்படியானால் உன்னை, என்று கேட்க வாய் வந்தது.
கேட்கவில்லை.
பன்னிரண்டு நாள் எனக்குக் களி கிண்டிக் கொண்டுவந்தவள்.

பிறகு கோயில் பக்கம் போகவில்லை.
சாம்பல் புதனுக்கும் போகவில்லை.
நெற்றியில் வைக்காவிட்டால் என்ன,
வாயெல்லாம் சாம்பல்தான்.
மகள் ரீத்தா மட்டும் போய் வருவாள்,
வந்து ஒன்றும் சொல்லமாட்டாள்.
ஞாயிறு காலை மணி அடிக்கும்போது
மிக்ஸியை ஓடவிடுவேன்,
அரைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும்.

பெரிய வெள்ளியன்று மணி அடிக்காது.
அது மறந்துபோயிருந்தது எனக்கு.
மதியம் மூன்று மணிக்கு
மிக்ஸியில் கை வைத்துக் காத்திருந்தேன்.
தெருவில் மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு போனான்
உபதேசியார் வீட்டுப் பையன்.
டக். டக். டக்.
பெட்டிக்கு ஆணி அடிக்கிற சத்தம்.
எனக்குத் தெரிந்த சத்தம்.
எழுந்து சேலை மாற்றினேன்.
இழவு விழுந்த வீட்டுக்குப் போகாமல் இருக்கலாமா?

பீடத்தில் துணி இல்லை.
பூ இல்லை, மெழுகுத்திரி இல்லை.
வெறும் கல்.
நற்கருணைப் பேழையின் கதவு
ஆவென்று திறந்து கிடந்தது,
அவன் சட்டைகளையெல்லாம் எடுத்துக் கொடுத்த பிறகு
நான் மூட மறந்த பீரோவைப்போல.
சாமியார் வெறுங்காலோடு வந்தார்.
குப்புறத் தரையில் விழுந்தார்.
ஒரு வார்த்தை சொல்லவில்லை.
காரணம் சொல்லவில்லை.
ஃபேன் மட்டும் சுற்றியது.
போன் வந்த ராத்திரி
நானும் இப்படித்தான் கிடந்தேன்,
அடுப்படி சிமெண்ட் தரையில்.

அப்போதுதான் உறைத்தது.
இந்த வீட்டிலும் நடந்திருக்கிறது.
இங்கேயும் ஒரு அம்மா
மடியில் கிடத்திப் பார்த்திருக்கிறாள்
முப்பத்து மூன்று வயசை.
சிங்கராயனுக்கு முப்பத்தெட்டு.
அவளிடம் யார் என்ன சொல்லியிருப்பார்கள்?
அவர் சித்தம் என்றா?

சிலுவை முத்தி செய்ய வரிசை நகர்ந்தது.
என் முறைக்குக் குனிந்தேன்.
பாதத்தில் பெயிண்ட் உரிந்து மரம் தெரிந்தது,
எத்தனை வருஷத்து உதடுகள்.
ஈரமாய் இருந்தது.
எனக்கு முன்னால் போனவள் பாக்கியமேரி.
எச்சிலோ கண்ணீரோ,
அதன்மேல் என்னுடையதும் விழுந்தது,
தை மாதத்திலிருந்து வராதது.

கேட்க வைத்திருந்த எதையும் கேட்கவில்லை.
துக்க வீட்டில் யாராவது கணக்குக் கேட்பார்களா?
பக்கத்தில் உட்கார்வார்கள்.
உட்கார்ந்தேன்.
அவரும் உட்கார்ந்திருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்,
வேறெப்படிச் சொல்ல.
அந்த பெஞ்சில் என் இடதுபக்கம் யாரும் இல்லை.
இருந்தும் கொஞ்சம் நகர்ந்துதான் இடம் விட்டிருந்தேன்.

வெளியே வெயில்.
சுவருக்கு அந்தப்பக்கத் தோப்பில்
பெங்களூரா பிஞ்சு விட்டிருந்தது.
இன்னும் ஒரு மாதத்தில் மாங்கூழ் ஃபாக்டரி திறப்பார்கள்,
கேட்டில் பேர் கொடுக்க வேண்டும்.
ரீத்தா என் செருப்பைத் தேடி எடுத்து
காலருகே போட்டாள்.

இழவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது.
வருகிறேன் என்கிற வார்த்தையே ஆகாது.
முறை தெரியாதவளில்லை நான்.
ஆனாலும் வாசற்படியில் திரும்பி
அந்தத் திறந்த கதவைப் பார்த்து
சொல்லிவிட்டுத்தான் வந்தேன்:
"நாளன்னைக்கு வரேன்."