ஒற்றைப்படை மாதம்

பள்ளத்தூரில் எனக்குக் கதவு எண் தெரியாது,
நாய் தெரியும்.
கருத்த வாய்க் கோம்பை: பில் நானூறைத் தாண்டாத வீடு.
தபால்காரரை மட்டும் துரத்தும் ஒரு கன்னி.
மூன்றாம் வீதிப் பொமரேனியன்
என் செருப்பு வாரை இருமுறை அறுத்திருக்கிறது,
அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

லெ.சித. வீட்டில் ராஜபாளையம்.
பால் வெள்ளை, ரோஜா மூக்கு, பெயர் பினாங்கு.
மீட்டர் முகப்பைத் தாண்டி, தூணுக்குப் பின்னால்.
ஜூலையில்
"நாயைப் பிடிங்க" என்று தெருவிலிருந்தே கத்தினேன்.
ஊர் நாயெல்லாம் பதில் சொன்னது.
இது தூங்கிக்கொண்டிருந்தது.
நல்ல பிள்ளை என்று தாண்டினேன்.
கெண்டைக்காலில் நான்கு பல் இறங்கியது.

"சாதி நாய்ம்மா, ரத்தம் அப்படி"
என்றார் அடைக்கப்பன்,
பாதி வருத்தம், பாதி பெருமை.
மஞ்சள்தூள் வந்தது. பிறகு,
"நீங்க எந்தப் பக்கத்து ஆளுக?"
நான் ரீடிங்கைச் சொன்னேன்:
நாலாயிரத்து நூற்று எழுபத்திரண்டு.

காரைக்குடி ஆஸ்பத்திரிச் சீட்டில் ஒரு கட்டம்,
வளர்ப்பா, தெருவா.
ராஜபாளையம் என்றதும்
நர்ஸ் பேனாவை நிறுத்தி
"அய்யோ, அதா" என்றாள்.

செப்டம்பரில் வேறு ஆள் போனார்.
நவம்பரில் நான்.
எதிர்வீட்டுக் கல்யாணத்துக்கு
ஆயிரம்வாலா வெடித்தபோது
புறா பறந்தது, மாடு கயிற்றை இழுத்தது,
மாப்பிள்ளைகூடத் தோளைக் குறுக்கினார்.
பினாங்கின் காது ஆடவில்லை.
அதன் தலைக்குப் பின்னால் சாவிக்கொத்தைப் போட்டுப் பார்த்தேன்.
ஆடவில்லை.

"இதுக்குக் காது கேக்காதுங்க."
"சேச்சே. திமிரு.
கூப்பிட்டா வராது, ராஜ நாயில்ல."

நசீமா வீட்டுப் பூனையை அது கொன்றது உண்மை.
இரண்டு சேவலையும்.
காது கேட்டிருந்தாலும் கொன்றிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.
பூனை விஷயத்தில்
ரத்தம்தானோ என்னவோ.
என் கால் விஷயத்தில் இல்லை.
கனவுக்குள் யாரோ மிதித்தால்
நானும் கடிப்பேன்.

இப்போது கத்துவதில்லை.
வாசல் கல்லில் குதிகாலால் மூன்று உதை.
தரை வழியே போய்ச் சேர்கிறது.
தூணோரம் வெள்ளைத் தலை நிமிர்கிறது,
முதுகு மயிர் எழுந்து
நின்று
மெல்லப் படிகிறது.

"என்னம்மா, கால் மரத்துப்போச்சா?"
ஆமாம் என்கிறேன்.
உதையோடு சேர்ந்து
என் முழங்கால் நடுக்கமும்
அந்தக் கல் வழியே போயிருக்கும்.
அதைக் கேட்டும்
அது எழுந்து வரவில்லை.

அட்டையில் குறித்துவிட்டுக் கிளம்புகிறேன்.
அடுத்தது ஜனவரி.