கேள்வி பதினேழு

கச்சேரிக்கு எதிரே, போட்டோக்கொப்பிக் கடையின் உள்மூலையில்
சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளன் நான்.
பிறப்பு, இறப்பு, விவாகம்.
பக்கம் அறுநூறு ரூபாய்.

எண்பத்து நாலில் ஜேர்மனிக்குப் படிவமே இல்லை.
கிழக்கு பெர்லினில் இறங்கி ரயிலேறினால் மேற்கு.
குணநாயகம் அப்படித்தான் போனான்,
எனக்கு ஒரு சதம் வருமானமில்லாமல்.
பிறகு அந்த ரயிலுக்கும் கேள்விகள் முளைத்தன.

கனடா அப்போது கதை கேட்டது,
முழுக் கதையும், திகதி வாரியாக.
இப்போது கணக்கும் கேட்கிறது:
படிப்புக்கு இத்தனை, ஆங்கிலத்துக்கு இத்தனை,
நாற்பத்தைந்து ஆகிவிட்டால் வயதுக்குப் பூச்சியம்.
சிவஞானவதி ரீச்சர் கூட்டிப் பார்த்துவிட்டு
"நான் ஒருநாளும் பிள்ளையளுக்கு இப்பிடி மார்க்ஸ் போடேல்லை"
என்று சொல்லிச் சிரித்தா.

லண்டன், கட்டினவனின் சம்பளச் சிட்டையைப் பார்த்துத்தான்
காதலை நம்பும்.

அவுஸ்திரேலியா படிவம் அனுப்பவில்லை.
சுவரொட்டி அனுப்பியது:
கறுத்த கடல், குட்டிப் படகு,
நல்ல தமிழில் 'வழியில்லை'.
பஸ் நிலையத்தருகே ஒட்டிய ஒன்றை
பசை காயமுன் கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
தின்றுவிட்டுப் போனது.

எங்களுடையது மட்டும் குறைந்ததா?
நாற்பத்தெட்டில் ஒரு சட்டம் போட்டு,
மலையில் கொழுந்து பறித்துக்கொண்டு நின்றவர்களை
நின்ற இடத்திலேயே அந்நியராக்கியது.
என் மாமனாரின் நிராகரிப்புக் கடிதம்
இன்னும் என் லாச்சியில்தான் கிடக்கிறது.
அதை யாரும் மொழிபெயர்க்கக் கேட்டதில்லை.

இந்த மாசியில் உப்புவெளியிலிருந்து
வாடகைச் சைக்கிளில் ஒருத்தி வந்தாள். லெஸ்யா.
செருப்பெல்லாம் மணல்.
விசா நீடிக்க வேண்டும்.
அவளுக்கும் எனக்கும் நடுவில் இரவல் ஆங்கிலம்.

கேள்வி பதினேழு:
சொந்த நாட்டுக்குத் திரும்ப முடியாமைக்குக் காரணம்?

எந்த ஊர், எந்த மாதம், யார் மிச்சம்,
என்று நான் கேட்ட ஒழுங்கில்
அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.
"அம்மா," என்றாள். "பிறகு, சமையலறைச் சுவர்."

தொண்ணூறில் மூதூர் என்று எழுதிய இடத்தில்
மரியுபோல் என்று எழுதினேன்.
மற்ற வசனம் அப்படியே இருந்தது, கைகூடத் தடுமாறவில்லை.
பெட்டிக்கு இரண்டே வரி.
எல்லா நாட்டுப் பெட்டிக்கும் இரண்டு வரிதான்.

தனித்தாள் இணைக்கலாமா என்று கேட்டாள்.
இணைக்கலாம் என்றேன்.
அதை யார் வாசிப்பார் என்று அவள் கேட்கவில்லை.
இரண்டு பக்கம்,
ஆயிரத்து இருநூறு. வாங்கிக்கொண்டேன்.