வால்கொழுப்பில் ஒரு பல்

பத்து நாளாய் ஆடியது,
கீழ்வரிசையில், நடுவில்.
நாக்கால் தள்ளிக்கொண்டே படித்தாள்,
நாக்கால் தள்ளிக்கொண்டே தூங்கினாள்.

பனியில் புதைந்த லாரிகளைக்
கம்பி கட்டி இழுப்பது என் பிழைப்பு.
உலான்பாத்தருக்கு வடக்கே
இருபது டன் வரை இழுத்திருக்கிறேன்.
"இழுத்துவிடேன் அப்பா" என்று
மகள் வாயைத் திறந்து நின்றதும்
கட்டைவிரல் நடுங்கிவிட்டது.
நூல் கட்டவா? ஆப்பிள் கடிக்கிறாயா?
என் யோசனை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு
"ஆடுறது அதுதானே, அதுவே பாத்துக்கும்"
என்று வாயை மூடிக்கொண்டாள்.

வியாழன் மாலை விழுந்தது,
ஆட்டிறைச்சிக் கொழுக்கட்டையைக் கடிக்கையில்.
வெள்ளை மாவில் ஒரு சொட்டுச் சிவப்பு.
அழவில்லை.
"இன்னும் எத்தனை விழும்?"
பத்தொன்பது.
"விழாதது எது?"
மூக்கு, என்றேன். காது. முழங்கால்.
"அம்மா?"

அம்மா இஞ்சியோனில் இருக்கிறாள்,
ஒரு ஹோட்டலின் படுக்கை விரிப்புகளைத் துவைக்கிறாள்.
கோடையில் வருவாள் என்றேன்.
போன கோடைக்கு முன்னும்
இதே வாயால்தான் சொன்னேன்.

எங்கள் ஊரில் விழுந்த பல்லை
ஆட்டின் வால்கொழுப்பில் பொதிந்து
இளம் நாய்க்குக் கொடுக்க வேண்டும்.
புதுப்பல் நாய்ப்பல்லாய் உறுதிப்படும்.
ஒன்பதாம் மாடியில் நாய் ஏது?
"முதல்ல அம்மாவுக்குக் காட்டணும்."

திரையில் அவள் முகம் வந்ததும்
இவள் கை வாயைப் பொத்திக்கொண்டது.
"சொலொங்கோ, என் கண்ணே, பேசு."
விரலிடுக்கில் காற்று வந்தது:
"நான் இப்ப தொலொங்கோ."
பல் போன சந்தில்
பெயரின் முதலெழுத்தும் போயிருந்தது.
அம்மா சிரித்தாள்.
இங்கே கூரைமேல் எறிவார்கள் தெரியுமா,
மேக்பை பறவை எடுத்துப்போகும் என்றாள்.
"அது அங்க. எங்களுக்கு நாய்."
எங்களுக்கு.
அந்தச் சொல்லிலா, சிக்னலிலா தெரியவில்லை,
அவள் முகம் திரையில் உறைந்து நின்றது,
வாய் பாதி திறந்தபடி,
எல்லாப் பற்களும் தெரிய.

கீழே வாகன நிறுத்தத்தில்
முப்பது டிகிரி உறைநிலைக்கும் கீழே.
காவலுக்கு இருக்கும் பில்குன்,
கல்லூரியைப் பாதியில் விட்ட பையன்,
குட்டியைக் கோட்டுக்குள்ளிருந்து எடுத்தான்.
சொலொங்கோ கையுறையைக் கழற்றி நீட்டினாள்.
குட்டி கொழுப்பை நக்கி நக்கித் தின்றது.
பல்லைத் துப்பிவிட்டது.

பனியில் பல்.
மூன்று பேரும் மண்டியிட்டோம்,
மூன்று டார்ச், வெள்ளையில் வெள்ளை.
அவள்தான் கண்டாள்.
"இதுக்கு என் பல் பிடிக்கல."
சொன்ன பிறகுதான் உதடு பிதுங்கியது.

லாரி என்றால் எங்கே கொக்கி மாட்டுவது என்று தெரியும்.
நான் சும்மா நின்றேன்.
பில்குன் குட்டியின் உதட்டைத் தூக்கிக் காட்டினான்.
அங்கேயும் ஒரு ஓட்டை.
"நேத்து போர்வையில கிடந்தது" என்று
சட்டைப்பையிலிருந்து எடுத்தான்,
ஊசி முனைபோல் ஒன்று.

அவள் அதைத் தன் பல்லோடு சேர்த்து
உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.
வெகுநேரம் பார்த்தாள்.
"இது யாருக்குக் குடுக்கும்?"
எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.
பில்குனின் இரவுச் சோற்றிலிருந்து
கொஞ்சம் கொழுப்பு வாங்கி
இரண்டையும் ஒரே உருண்டையாய்ப் பிடித்தாள்.
இம்முறை குட்டி
மெல்லாமல் விழுங்கிற்று.

இரவு இரண்டு மணிக்குச் செய்தி:
"சரியாப் பாக்கல. இன்னொரு தரம் காட்டு."
வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.
ஒரு கையில் டார்ச், ஒரு கையில் போன்,
மூச்சில் கண்ணாடி மங்கி மங்கி
நாலாவது படம்தான் தெளிந்தது.
ஈறுக்குள் நொய்யரிசி அளவு வெண்மை.
எட்டு மாதக் குழந்தையாய் இவள் இருந்தபோது
இதே இடத்தில் இதே வெண்மையை
கரண்டி தட்டி முதலில் கண்டவள் அவள்.

அனுப்பினேன்.
பார்த்துவிட்டாள்.
எழுதுகிறாள் என்று காட்டியது,
நின்றது,
மறுபடி எழுதுகிறாள் என்று காட்டியது.